பள்ளிக்கூடத்தைக் கட்டியது யார்?

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்று பாருங்கள். 400-க்கு மேற்பட்ட படிகள் ஏறி வந்த களைப்பெல்லாம் ஒரு காற்றில் பறந்துவிடும்!

வடக்கே காவிரி. அதற்கு அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். மலையடியில் தெப்பக்குளம். குளத்துக்குப் பக்கத்தில் லூர்து மாதா கோவிலின் ஊசிக் கோபுரம். அந்த வட்டாரத்தில் பழைய காலத்துப் பள்ளிக்கூடங்கள், கல்லூரிகள்.

பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள்: "இந்தக் கோவிலைக் கட்டியது யார்?" உடனே பதில் வரும். பல்லவர் என்பார், பாண்டியர் என்பார், நாயக்கர் என்பார்.

"சரி, அதோ தெரிகிறதே, அந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டியது யார்?"

பதில் வராது. அவர் அதே பள்ளியில் படித்தவராகக்கூட இருக்கலாம். அப்போதும் பதில் வராது!

இது திருச்சிக்கு மட்டும் உள்ள குறை அல்ல. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இதே கதைதான். நம்மை ஆளாக்கிய கட்டிடத்தை ஆக்கியவர் யார் என்பது நமக்குத் தெரியாது.

கல்வெட்டில் இல்லாத பெயர்

பழைய பள்ளிக்கூடத்தின் வாசலில் ஒரு கல் இருக்கும். அதைப் படித்துப் பாருங்கள். அடிக்கல் நாட்டியவர் பெயர் இருக்கும். திறந்து வைத்தவர் பெயர் இருக்கும். பணம் கொடுத்த பிரபுவின் பெயரும் இருக்கும்.

பிளான் போட்டவர் பெயர் இருக்காது. சுவர் எழுப்பிய மேஸ்திரியின் பெயரும் இருக்காது.

திருச்சியிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஜெர்மனியில் பிறந்த சுவார்ட்ஸ் பாதிரியார் 1762-ல் திருச்சிக்கு வந்தார். அந்தக் காலத்தில் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துப் பலர் மாண்டார்கள். தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அவர்களுக்காக அவர் பள்ளி தொடங்கினார். 1766-ல் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயமும் எழுந்தது.

அந்தப் பள்ளியின் வழியில் வந்ததுதான் இன்றைய பிஷப் ஹீபர் பள்ளி. ஹீபர் யார்? கல்கத்தாவில் இருந்த பிஷப். 1826-ல் திருச்சிக்கு வந்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி, குளிக்கப் போன இடத்தில் தண்ணீரிலேயே உயிர் துறந்தார். அவர் நினைவாகப் பள்ளிக்கு அவர் பெயர் வந்தது. பெயர் அவருடையது. ஆனால் கட்டியவர் அவர் அல்லர்!

தெப்பக்குளத்தின் பக்கத்தில் இன்னொரு பழைய வீடு உண்டு. ராபர்ட் கிளைவ் தங்கிய வீடு என்று ஊரார் சொல்வார்கள். பின்னாளில் அது மாணவர் விடுதி ஆயிற்று. கிளைவ் விடுதி என்றே அதற்குப் பெயர். சில நாள் தங்கியவரின் பெயர் நிலைத்துவிட்டது. கட்டிய கொத்தனாரின் பெயர் காற்றோடு போய்விட்டது.

போட்டியில் ஜெயித்த வாலிபர்

எல்லாக் கட்டிடங்களுக்கும் இந்தக் கதி நேர்ந்துவிடவில்லை. சிலருடைய பெயர் தப்பிப் பிழைத்தது. எப்படித் தப்பியது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவர்களையும் தேடிப் பிடிக்கலாம்.

சென்னை மெரினா கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? கடலைப் பார்த்தபடி மாநிலக் கல்லூரி நிற்கிறது அல்லவா? அதற்கு நல்ல பிளான் வேண்டும் என்று சென்னை சர்க்கார் 1864-ல் ஒரு போட்டி வைத்தது. போட்டியில் ஜெயித்தவர் ராபர்ட் சிஷோம். 1840-ல் லண்டனில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 24 தான்!

1870-ல் கல்லூரிக் கட்டிடம் திறக்கப்பட்டது. விக்டோரியா மகாராணியின் மகன் எடின்பரோ கோமகனே வந்து திறந்து வைத்தார்.

சிஷோம் அதோடு நிற்கவில்லை. உதகமண்டலத்துக்கு அருகே லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளியின் பெரிய கட்டிடத்துக்கும் அவர்தான் பிளான் போட்டார். பிறகு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம். 1874-ல் தொடங்கி 1879-ல் முடித்தார். நாலு மூலையிலும் கோபுரங்கள், அவற்றின் தலையில் குமிழ் போன்ற கூரைகள்!

மாநிலக் கல்லூரி மேல்நாட்டுப் பாணியில் இருக்கிறது. செனட் மண்டபத்திலோ இந்த நாட்டின் சாயல் தெரிகிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது?

நடுவிலே அவர் மதுரைக்குப் போனார். பாழடைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்க்கும் வேலை அவரிடம் வந்தது. வானளாவும் தூண்களையும், பளிங்கு போன்ற சுண்ணாம்புப் பூச்சையும் நாள்தோறும் பார்த்தார். நம் கொத்தர்களின் கைத்திறனை அருகிலிருந்து கவனிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. சென்னைக் கலைத்தொழில் பள்ளிக்கும் அவர் தலைவராக இருந்தார். கற்பிக்க வந்தவர், கற்றுக்கொள்ளவும் செய்தார்.

சிஷோம் 1915-ல் இங்கிலாந்தில் காலமானார். அவர் பெயர் நமக்குத் தெரிவதற்கு என்ன காரணம்? போட்டி நடந்தது. விளம்பரம் வந்தது. சர்க்கார் கடிதங்களில் அவர் பெயர் ஏறியது. ஆம், காகிதம்தான் அவரைக் காப்பாற்றியது!

செட்டியாரும் சித்தாளும்

பிளான் போட்டால் மட்டும் கட்டிடம் எழும்பிவிடுமா? அதற்குக் காண்டிராக்டர் வேண்டும்.

சென்னைச் சட்டக் கல்லூரியின் பழைய கட்டிடத்துக்குப் பிளான் போட்டவர் ஹென்றி இர்வின். அதைக் கட்டி முடித்தவர் ஒரு தமிழ்நாட்டுக் காண்டிராக்டர். அவர் பெயர் நம்பெருமாள் செட்டியார். 1856-ல் பிறந்து 1925 வரை வாழ்ந்தவர். உயர் நீதிமன்றக் கட்டிடமும் அவர் கைவேலைதான். கணித மேதை ராமானுஜன் 1920-ல் உயிர் நீத்தது சேத்துப்பட்டில் இருந்த இந்தச் செட்டியாரின் பங்களாவில்தான்.

செட்டியாரின் பெயர் தப்பியது. அவரிடம் கூலிக்கு வேலை செய்தவர்கள்?

பழைய பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு 'மெட்ராஸ் தளம்' என்று பெயர். சுவருக்குச் சுவர் மரச் சட்டங்களைப் போடுவார்கள். அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாக, குத்துக்கல்லாக நிறுத்தி, சுண்ணாம்பு வைத்து இறுக்குவார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் பரப்புவார்கள்.

அப்புறம் பெண்கள் வரிசையாக உட்கார்வார்கள். கையில் மரக் கட்டை. கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லத் தண்ணீரையும் தெளித்துத் தெளித்து, நாள் கணக்கில் தட்டுவார்கள். அலுப்புத் தெரியாமல் இருக்கப் பாட்டும் உண்டு. தளம் இறுகிக் கல்லாக மாறிய பிறகு மேலே தட்டோடு பதிப்பார்கள்.

அந்தத் தளத்தின் கீழே உட்கார்ந்து எத்தனையோ பிள்ளைகள் அரிச்சுவடி படித்தார்கள். டாக்டர் ஆனார்கள், கலெக்டர் ஆனார்கள். தளத்தைத் தட்டிய சித்தாளுக்குத் தன் பெயரை எழுதக்கூடத் தெரிந்திருக்காது!

துப்புத் துலக்குவது எப்படி?

கட்டியவர் யார் என்று இப்போது கண்டுபிடிக்க முடியுமா? முடியும். போலீஸ்காரர் துப்புத் துலக்குவதுபோல் துலக்க வேண்டும்.

முதலில், கட்டிய ஆண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏன் தெரியுமா? பழைய சர்க்கார் தஸ்தாவேஜுகள் சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே காகிதங்கள் துறை வாரியாக, ஆண்டு வாரியாக, உத்தரவு எண் வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். ஆண்டு தெரியாமல் போனால், வைக்கோற்போரில் ஊசி தேடிய கதைதான்!

ஆண்டுக்குக் கட்டிடமே சாட்சி சொல்லும்.

கூரையில் மங்களூர் ஓடு இருக்கிறதா? ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடியிலே கம்பெனியின் பெயரும் ஓர் ஆண்டும் இருக்கும். பாசல் மிஷன் ஓட்டில் 1865 என்று இருக்கலாம். "ஆகா, பள்ளிக்கூடம் 1865-ல் கட்டியது!" என்று குதித்துவிடாதீர்கள். அது கம்பெனி தொடங்கிய ஆண்டு! கட்டிடம் அதற்குப் பின்னால்தான் வந்தது என்பது மட்டுமே நிச்சயம்.

கூரையைத் தாங்குவது இரும்பு உத்திரமா? அதன் பக்கவாட்டில் எழுத்துகள் இருக்கும். 'டார்மன் லாங்' என்று இருந்தால் அது இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த உத்திரம். டாட்டா கம்பெனியின் பெயர் இருந்தால் 1912-க்குப் பிற்பட்டது. ஜாம்ஷெட்பூரில் எஃகு உருக்கத் தொடங்கியது அந்த ஆண்டில்தான்.

ஒரு துப்பை மட்டும் நம்பக்கூடாது. பழைய சுவருக்குப் புதுக் கூரை போட்டிருக்கலாம். வேறு கட்டிடத்தில் கழற்றிய உத்திரத்தை இங்கே மாட்டியிருக்கலாம். இரண்டு மூன்று சாட்சிகள் ஒன்றாகச் சொன்னால்தான் தீர்ப்பு எழுத வேண்டும்.

அடுத்தது காகிதம். வெள்ளைக்காரர் காலத்திலேயே தனியார் பள்ளிகளுக்கு சர்க்கார் மானியம் கொடுத்தது. 1854-ல் லண்டனிலிருந்து வந்த கல்வி உத்தரவுக்குப் பிறகு ஏற்பட்ட ஏற்பாடு அது. கட்டிட மானியம் கேட்டவர்கள் பிளானும் எஸ்டிமேட்டும் காட்டவேண்டி வந்தது. அவற்றில் போட்டவரின் கையெழுத்து இருக்கலாம். பள்ளியின் பழைய கணக்குப் புத்தகமும் உதவும். "மேஸ்திரிக்குக் கொடுத்தது" என்று ஒரு வரி இருந்தால் போதும், பெயர் கிடைத்துவிடும்!

மிஷன் பள்ளிகளின் கதை கொஞ்சம் வேறு. அங்கே பல இடங்களில் பாதிரிமாரே பிளான் போட்டு, வெயிலில் நின்று வேலை வாங்கினார்கள். திருச்சி புனித வளனார் கல்லூரியைப் பாருங்கள். 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு வந்தது. இப்படி இடம் மாறிய பள்ளிகளும் உண்டு. பள்ளி தொடங்கிய ஆண்டு வேறு, கட்டிடம் எழுந்த ஆண்டு வேறு. ஆண்டு மலரில் போட்டிருக்கும் தேதி எதற்கு உரியது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர் தெரிந்து என்ன லாபம்?

"எல்லாம் சரி. செத்துப்போன மேஸ்திரியின் பெயர் தெரிந்து இப்போது என்ன ஆகப்போகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

1964 ஏப்ரலில் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளிக் கட்டிடம் இடிந்து விழுந்தது. 30-க்கும் மேற்பட்ட மாணவிகள் மாண்டார்கள். ஊரே அழுதது. அடுத்த ஆண்டு, 1965-ல், பொதுக் கட்டிடங்கள் உரிமச் சட்டம் வந்தது. பள்ளிக்கூடம் போன்ற கட்டிடங்கள் உறுதியாக இருக்கின்றன என்று சான்று பெற்று உரிமம் வாங்கவேண்டும் என்று அது சொன்னது.

2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்தது. 94 குழந்தைகள் கருகினார்கள். 2021 டிசம்பர் 17-ந் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டிடங்களைச் சோதித்தார்கள். பலமிழந்தவற்றை இடித்தார்கள்.

டாக்டரிடம் போனால் அவர் முதலில் என்ன கேட்கிறார்? "வயது என்ன? முன்னால் என்ன வியாதி வந்தது? என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கிறார். கட்டிடத்துக்கும் அதே கேள்விகள்தான். எந்த ஆண்டு கட்டியது? சுண்ணாம்பா, சிமெண்டா? உத்திரம் மரமா, இரும்பா? மாடி பிறகு ஏற்றியதா? யார் ஏற்றினார்கள்?

பதில் தெரியாமல் வைத்தியம் செய்தால் வினை! சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டைப் பூசுகிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லை. சுவர் உள்ளுக்குள்ளே உளுத்துப்போகும். மெட்ராஸ் தளம் ஒழுகினால் அதன் மேலேயே இன்னொரு தளம் போடுகிறார்கள். அந்தப் பாரம் முழுவதையும் கீழே உள்ள பழைய மரச் சட்டம் தாங்கவேண்டும். சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் முனை ஈரத்தால் மக்கியிருந்தால்? சொல்லவே நெஞ்சு நடுங்குகிறது!

கட்டியவரைத் தேடிப் போகிறவருக்குப் பெயர் கிடைக்கிறது. பெயரோடு பிளானும் கிடைக்கிறது. பிளான் கிடைத்தால் கட்டிடத்தின் எலும்பும் நரம்பும் தெரிகின்றன. எதைக் காப்பாற்றலாம், எதை இடித்தே தீரவேண்டும் என்பதை அப்போதுதான் தைரியமாகச் சொல்ல முடியும்.

நியூயார்க்கில் ஒரு ஸ்னைடர்

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே ஸ்னைடர் என்று ஒருவர் இருந்தார். 1891 முதல் 1923 வரை அந்த நகரத்துப் பள்ளிக் கட்டிடங்களுக்கு அவர்தான் அதிகாரி. 400-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பிளான் போட்டார்!

நெருக்கமான நகரம். வகுப்பறைக்குள் வெளிச்சம் வரவேண்டுமே! ஏணியைப் படுக்க வைத்து இரண்டு கால்களையும் ஒரே ஒரு படியையும் மட்டும் விட்டுவைத்தால் எப்படி இருக்கும்? அந்த வடிவத்தில் கட்டினார். இரண்டு பக்கமும் முற்றம். அதனால் எல்லா வகுப்புக்கும் காற்றும் வெளிச்சமும் கிடைத்தன. தீப்பிடித்தால் பிள்ளைகள் விரைவாக இறங்க வேண்டும் என்று, ஒரே இடத்துக்குள் இரட்டை மாடிப்படிகளை வைத்தார்.

ஒரு நல்ல பிளான் எத்தனை உயிர்களைக் காக்கும், பார்த்தீர்களா?

மருங்காபுரிப் பக்கம்

இனி, நம் கிராமங்களுக்கு வருவோம். திருச்சி மாவட்டத்தின் தென்கோடியில், துவரங்குறிச்சிப் பக்கம் இருக்கிறது மருங்காபுரி. ஒரு காலத்தில் ஜமீன். அந்த ஜமீன்தாரிணி லட்சுமி அம்மணி திருக்குறளைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். இன்று மருங்காபுரி ஒரு தாலுகா.

இந்த மாதிரி வறண்ட சீமைகளில் பள்ளிக்கூடம் எப்படி வந்தது? சிஷோமும் வரவில்லை. போட்டியும் நடக்கவில்லை.

காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். அப்போது கல்வித் துறையின் தலைவராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. 1958-ல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கியது. பிறகு ஊர் ஊராக மாநாடுகள் நடந்தன. "உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. உங்களால் ஆனதைக் கொடுங்கள்" என்பதுதான் அழைப்பு. நிலம் கொடுத்தவர் உண்டு. கட்டிடமே கட்டிக் கொடுத்தவர் உண்டு. பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தவர்களும் உண்டு. கொடுக்கக் காசு இல்லாதவர்கள் உடலுழைப்பைத் தந்தார்கள்.

அந்தக் கட்டிடங்களைக் கட்டிய கைகள் இன்னும் சில வீடுகளில் இருக்கலாம். 20 வயதில் மண் சுமந்தவருக்கு இப்போது 80 வயதுக்கு மேல் ஆகியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தாத்தாவை, அந்தப் பாட்டியை யாராவது கேட்டோமா? எழும்பூரில் அவர்களைப் பற்றிக் காகிதம் இருக்காது. அவர்களே காகிதம்!

பெருந்தச்சன் வழி

தஞ்சைப் பெரிய கோவிலை ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்தான். அங்கே உள்ள கல்வெட்டில் ஒரு பெயர் இருக்கிறது: குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். கோவிலைச் சமைத்த தச்சனின் பெயர் அது. தன் பெயரையே அவனுக்குப் பட்டமாகக் கொடுத்துக் கல்லில் வெட்டி வைத்தான் அரசன். கோவிலில் ஆடிய 400 பெண்களின் பெயர்களும் அங்கே உண்டு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் அரசன் செய்ததை இன்று ஒரு பள்ளிக்கூடம் செய்ய முடியாதா?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். வாத்தியார் பிள்ளைகளிடம் சொல்லட்டும்: "நம் பள்ளிக்கூடத்தைக் கட்டியது யார்? வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள்." ஓட்டின் அடியில் உள்ள எழுத்தை எழுதட்டும். உத்திரத்தில் உள்ள பெயரை எழுதட்டும். எந்த மூலை ஒழுகுகிறது, எந்தச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதட்டும். அந்த நோட்டைத் தலைமை ஆசிரியர் அலமாரியில் பத்திரமாக வைக்கட்டும். சோதிக்க வரும் இஞ்சினீயர் அதைத்தான் முதலில் கேட்பார்.

உங்கள் வீட்டில் வயதானவர் இருக்கிறாரா? இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளுக்கும் விடுமுறை. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்!